சுண்ணாம்புத் தரையில் ஒரு களைநாசினி: கிளைபோசேட்டும் அதைத் தாங்கும் பயிர்களும் தீவகத்தின் நீரும்

1. வினா

இலங்கையில் கிளைபோசேட் என்னும் களைநாசினி பற்றிய விவாதம் பெரும்பாலும் வடமத்திய மாகாணத்தின் சிறுநீரக நோயில் தொடங்கி வர்த்தமானி அறிவித்தல்களில் முடிந்துவிடுகிறது. அந்தக் களைநாசினியைத் தாங்கி வளருமாறு மரபணு மாற்றப்பட்ட பயிர்கள் பற்றிய பேச்சோ, இறக்குமதி உணவு, அதன்மேல் ஒட்டவேண்டிய லேபல் என்ற அளவில் வேறோர் அரங்கில் தனியே நடைபெறுகிறது. நஞ்சைப் பற்றிப் பேசுவோர் பயிரைப் பற்றியும், பயிரைப் பற்றிப் பேசுவோர் நஞ்சைப் பற்றியும் பேசாதிருப்பதால், இரண்டும் ஒரே ஏற்பாட்டின் இரு பாதிகள் என்பது மறைந்துபோகிறது. ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு முதலிய யாழ்ப்பாணத் தீவுகளை முன்னிறுத்தி அவ்விரண்டையும் சேர்த்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீவகத்தைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சிறுநீரக நோய்க்குக் கிளைபோசேட்டைக் காரணமாகக் காட்டிய கருதுகோள், கடினநீரை, அதாவது கல்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் மிகுந்த நீரை, அச்சாணியாகக் கொண்டது. யாழ் குடாநாடும் அதன் தீவுகளும் சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்தவை. கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்திலின் அடியில் நாளாக நாளாகத் தடிக்கும் வெண்படலம் அந்நீரின் தன்மையை ஒவ்வொரு வீட்டிலும் காட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே அக்கருதுகோளை உரசிப் பார்ப்பதற்கு இத்தரையைவிடப் பொருத்தமான உரைகல் நாட்டில் வேறில்லை.

2. சேர்வையின் இரு பிறவிகள்

கிளைபோசேட் 1950இல் சுவிட்சர்லாந்தின் சிலாக் நிறுவனத்தில் ஹென்றி மார்ட்டின் என்னும் இரசாயனவியலாளரால் முதன்முதலில் தயாரிக்கப்பட்டு, மருந்தாகப் பயன்படாமையால் ஒதுக்கிவைக்கப்பட்டது. 1964இல் அமெரிக்காவின் ஸ்டாஃபர் நிறுவனம் இவ்வகைச் சேர்வைகளுக்கு, உலோக அயன்களைப் பற்றிப்பிடிக்கும் பொருள்கள் என்ற வகையில் காப்புரிமை பெற்றது. களைகளைக் கொல்லும் இயல்பை 1970இல் கண்டறிந்தவர் மொன்சாண்டோ நிறுவனத்தின் ஜோன் ஃபிரான்ஸ். 1974 முதல் அது ரவுண்டப் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. உலோகத்தைப் பற்றும் பொருள், களையைக் கொல்லும் பொருள் என்ற இவ்விரு பிறவிகளுள் முதலாவது நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது. இலங்கையின் விவாதம் அதனையே மீண்டும் மேலே கொண்டுவந்தது.

களை சாகும் முறை சுருக்கமாக விளக்கத்தக்கது. தாவரங்களும் பூஞ்சைகளும் பல பக்ரீரியாக்களும் பினைல்அலனின், தைரோசின், திரிப்டோபான் என்னும் மூன்று அமினோ அமிலங்களைச் சிக்கிமேற்றுப் பாதை எனப்படும் தொடர்தாக்கத்தின் வழியே தாமாகவே ஆக்கிக்கொள்கின்றன. அப்பாதையின் ஒரு படியை நடத்தும் நொதியம் ஈ.பி.எஸ்.பி.எஸ். எனச் சுருக்கமாக வழங்கப்படுகிறது. கிளைபோசேட் அந்நொதியத்தில், வழமையான தாக்குபொருள் ஒன்று அமரவேண்டிய இடத்தில் தான் அமர்ந்து வேலையை நிறுத்திவிடுகிறது. புரதம் ஆக்க அமினோ அமிலம் இன்றித் தளிர் மஞ்சளித்து, ஒன்றிரண்டு வாரங்களில் வேர்வரை பட்டுப்போகிறது. 1980இல் ஸ்டைன்றூக்கன், அம்ரைன் என்னும் இருவர் இந்நொதியமே இலக்கு என உறுதிப்படுத்தினர். மனிதரிலும் ஏனைய விலங்குகளிலும் இப்பாதை இல்லை என்பதே இது ஆபத்துக் குறைந்த நஞ்சு என்ற வாதத்தின் அடிப்படையாகும். எனினும், இலக்கு நொதியம் உடலில் இல்லை என்பது ஒரு பொருள் உடலில் வேறெதையும் செய்யாது என்பதற்குச் சான்றாகாது.

இச்சேர்வை களை, பயிர் என்று பார்ப்பதில்லை. நெல்லின்மேல் பட்டால் நெல்லும், மிளகாயின்மேல் பட்டால் மிளகாயும் சாகும். அதனால் விதைப்புக்கு முன்னரோ, வரம்பிலோ, தென்னை போன்ற நெடும்பயிர்களின் அடியிலோதான் அதைப் பயன்படுத்த முடிந்தது. எத்தனை முறை, எப்போது தெளிக்கலாம் என்பதற்குப் பயிரே எல்லையாக இருந்தது. எழுதப்படாத அந்த எல்லையை அகற்றியதே மரபணுப் பொறியியலின் பங்களிப்பாகும்.

3. எல்லை அகற்றப்பட்ட விதம்

பயிரில் எதிர்ப்பை உண்டாக்க இரு வழிகள் முயலப்பட்டன: நஞ்சுக்கு அகப்படாத நொதியம் ஒன்றைப் பயிருக்குக் கொடுத்தல் ஒன்று, நஞ்சையே சிதைக்கும் அல்லது மாற்றும் நொதியம் ஒன்றைக் கொடுத்தல் மற்றையது. இம்முயற்சிகளின் முதற் சோதனைக்களமாக அமைந்தது தீவகத் தோட்டச் செய்கை நன்கறிந்த புகையிலைதான். ஆய்வுகூடத்தில் இலைத்துண்டிலிருந்து முழுச்செடியை எளிதாக வளர்க்கலாம் என்பதால், 1985இல் கோமாயும் சகஆய்வாளர்களும் சல்மொனெல்லா பக்ரீரியாவின் மாறலுற்ற பரம்பரையலகு ஒன்றைப் புகையிலையில் சேர்த்துக் கிளைபோசேட்டைத் தாங்கும் செடியை உருவாக்கினர். பரம்பரையலகு என்பது ஒரு புரதத்தை ஆக்கும் கட்டளையைத் தாங்கிய டி.என்.ஏ. பகுதி, மரபணு என்பதும் அதுவே. 1987இல் பெல்ஜிய ஆய்வாளர் குழு ஒன்று, மண்வாழ் ஸ்ரெப்ரோமைசிஸ் பக்ரீரியாவிலிருந்து பெற்ற ‘பார்’ என்னும் பரம்பரையலகைப் புகையிலை, தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றில் சேர்த்து, குளுபோசினேற்று என்ற மற்றொரு களைநாசினிக்கு எதிர்ப்பை உண்டாக்கியது. இது இரண்டாவது வழி. 1994இல் ஐரோப்பிய ஒன்றியம் முதன்முதலில் அனுமதித்த மரபணுமாற்றுப் பயிரும் புகையிலையே; அது புரோமொக்சினில் என்ற களைநாசினியைத் தாங்கியது.

வணிகத்தில் வென்றது முதல் வழி. கிளைபோசேட் உற்பத்தி ஆலை ஒன்றின் கழிவில், நஞ்சின் நடுவே பெருகி வாழ்ந்துகொண்டிருந்த அக்ரோபக்ரீரியம் வகையொன்று கண்டெடுக்கப்பட்டு, சி.பி.4 எனப் பெயரிடப்பட்டது. அதன் ஈ.பி.எஸ்.பி.எஸ். நொதியத்தில், கிளைபோசேட் அமரும் பொந்தில் ஓரிடத்திலுள்ள அமினோ அமிலம் தாவர நொதியத்தில் உள்ளதிலிருந்து வேறானது. வழமையான தாக்குபொருள் நுழைய அப்பொந்தில் இடமுண்டு. சற்றுப் பெரிய கிளைபோசேட்டுக்கோ அங்கே சரியாக அமர இடமில்லை. அந்தப் பரம்பரையலகைத் தாங்கிய சோயா 1996இலும், பருத்தி, சோளம் ஆகியவை அடுத்துவந்த ஆண்டுகளிலும் அமெரிக்க வயல்களுக்கு வந்தன. 2019இல் 29 நாடுகளில் ஏறத்தாழ 19 கோடி ஹெக்டேயரில் மரபணுமாற்றுப் பயிர்கள் விளைந்தன. அவற்றுட் பெரும்பகுதி களைநாசினி தாங்கும் இயல்புடையது. 1996இன் பின் உலகக் கிளைபோசேட் பாவனை ஏறத்தாழ 15 மடங்காகியது என்பது பென்புறூக் 2016இல் வெளியிட்ட கணக்காகும். பயிர் சாகாது என்ற உறுதி கிடைத்ததும் தெளிப்பு பெருகியது. நஞ்சையும் பயிரையும் தனித்தனியே மதிப்பிடும் முறைக்கு இக்கணக்கு ஒன்றே போதிய மறுப்பாகும்.

இலங்கையில் மரபணுமாற்றுப் பயிர் எதுவும் வணிகமுறையில் செய்கைபண்ணப்படவில்லை. 2006இல் வெளியிடப்பட்டு 2007 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிகள் அத்தகைய உணவுகளை முன் அனுமதியின்றி இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடுக்கின்றன. அயலில் நிலை வேறு. இந்தியாவில் ‘பார்’ பரம்பரையலகைத் தாங்கிய டி.எம்.எச்.11 கடுகுக்கு 2022 ஒக்டோபரில் சூழல்வெளியீட்டு அனுமதி வழங்கப்பட்டதும், 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதியரசர்கள் அவ்வனுமதி குறித்து மாறுபட்ட தீர்ப்பளித்ததும், அனுமதிபெறாத களைநாசினி தாங்கும் பருத்தி விதை பல மாநிலங்களில் கள்ளமாக விற்பனையாவதும் பலரும் அறிந்தவை. பாக்குநீரிணையின் அகலம் விதைக்குத் தடையாகும் அளவுக்குப் பெரிதன்று.

4. கருதுகோளும் தடையும்

1990களின் நடுப்பகுதி முதல் மதவாச்சி, பதவியா முதலிய உலர்வலயப் பிரதேசங்களில், நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாத விவசாயிகளிடையே நாட்பட்ட சிறுநீரக நோய் பரவுவது அவதானிக்கப்பட்டது. 2014இல் சன்ன ஜயசுமன, சரத் குணதிலக்க, பிரியந்த சேனாநாயக்க ஆகிய மூவரும் வெளியிட்ட கட்டுரை, கிளைபோசேட் கடினநீரின் கல்சியத்தோடும் நச்சு உலோகங்களோடும் பிணைந்து, இலகுவில் சிதையாத வடிவம் பெற்றுச் சிறுநீரகத்தைச் சென்றடைகிறது என்று கருதியது. ஸ்டாஃபர் நிறுவனத்தின் பழைய காப்புரிமையில் பதிவான பிணைக்கும் இயல்பே இக்கருத்தின் வேர். அக்கட்டுரை ஒரு கருதுகோளை முன்வைத்ததேயன்றி, நோயாளரின் உடலில் அத்தகைய பிணைப்பு அளந்து காட்டப்பட்டதாகக் கூறவில்லை. 2015இல் ஜயசுமனவும் சகஆய்வாளர்களும் பதவி சிறிபுரவில் நடத்திய ஆய்வு, கிணற்று நீர் அருந்துவதற்கும் களைநாசினி தெளிப்பதற்கும் நோயோடு புள்ளிவிபரத் தொடர்பு இருப்பதைக் காட்டியது. தொடர்பைக் காட்டுவதும் காரணத்தை நிறுவுவதும் ஒன்றல்ல.

அரசு காத்திருக்கவில்லை. முதலில் நோய் பரவிய பகுதிகளுக்கென்றும், 2015இல் நாடு முழுவதற்குமென்றும் தடை வந்தது. 2018இல் தேயிலை, இறப்பர் ஆகியவற்றுக்கு மட்டும் அது தளர்த்தப்பட்டது. 2021 மே மாதத்தில் இரசாயன உரங்கள், விவசாய இரசாயனங்கள் அனைத்தினதும் இறக்குமதி நிறுத்தப்பட்டு விளைச்சல் சரிந்தபின், 2022 ஓகஸ்டில் கிளைபோசேட் மீதான தடை நீக்கப்பட்டது. தடைக்காலத்தில் தேயிலைத் தோட்டங்களில் எம்.சி.பி.ஏ. என்ற மாற்றுக் களைநாசினி இடம்பிடிக்க, அதன் எச்சம் காரணமாக யப்பானிய இறக்குமதியாளருடன் சிக்கல் எழுந்தது. ஒரு நஞ்சை அகற்றினால் அவ்விடத்துக்கு மற்றொன்று வரும் என்பதை முன்கூட்டியே எண்ணிப்பாராத தடையின் விளைவு அது.

2015 மார்ச்சில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் கிளைபோசேட்டை ‘மனிதரில் பெரும்பாலும் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது’ என வகைப்படுத்தியமையும் அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை அதற்கு மாறான முடிவை வெளியிட்டமையும் தடைக்கான வாதங்களோடு சேர்த்துப் பேசப்பட்டன. அவை இரண்டும் புற்றுநோய் பற்றியவை; சிறுநீரகம் பற்றியவை அல்ல. பொதுவிவாதத்தில் இவ்விரு நோய்களும் ஒன்றாகக் கலக்கப்பட்டமை எத்தரப்புக்கும் தெளிவைத் தரவில்லை.

5. தீவகம் என்ற மறுசான்று

கருதுகோளை மறுப்போர் அடிக்கடி சுட்டுவது யாழ்ப்பாணத்தையே. நீர் அங்கு மிகக் கடினமானது, தோட்டச் செய்கையில் இரசாயனப் பாவனையும் குறைவன்று, ஆயினும் வடமத்திய மாகாணத்தில் கண்ட அளவில் சிறுநீரக நோய் அங்கு பரவவில்லை. ஆகவே கடினநீரும் களைநாசினியும் சேர்ந்தால் நோய் என்ற சமன்பாடு பொருந்தாது என்பர். இவ்வாதம் வலிமையானது. ஆனால் அது சொல்லப்படும் அளவுக்குச் சுத்தமானதன்று.

இந்நோய் பல ஆண்டுகள் மெல்ல முதிர்வது. எனவே ஒப்பிடவேண்டியது நீரை மட்டுமன்று, நஞ்சோடு பழகிய கால நீளத்தையும் ஆகும். வடமத்திய மாகாணத்தில் இரசாயனங்கள் தடையின்றிப் புழங்கிய 1990களில், குடாநாட்டுக்கு உரம் உள்ளிட்ட பல பொருள்களைக் கொண்டுசெல்லப் பொருளாதாரத் தடை இருந்தது. தீவுகளில் 1990, 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளை அடுத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். வயல்கள் தரிசாகி, வேலிகள் சரிந்து, நாயுருவியும் உடையும் ஆள்மட்டத்துக்கு வளர்ந்தன. களையெடுக்க ஆளில்லாத வயலில் களைநாசினி தெளிக்கவும் ஆளில்லை. போர் ஒரு சமூகத்தை நஞ்சிலிருந்து விலக்கிவைத்த காலத்தை, அந்த நஞ்சு தீங்கற்றது என்பதற்குச் சான்றாகக் காட்டுவது பிழையான ஆய்வுமுறையாகும். மறுபுறம், கருதுகோளை ஆதரிப்போர் இக்காலவேறுபாட்டைத் தமக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. சான்று இல்லாமை எத்தரப்புக்கும் வெற்றியாகாது. யாழ்ப்பாணம் கருதுகோளைத் தளரச்செய்கிறது, ஆனால் வீழ்த்தவில்லை என்பதே எடுக்கத்தக்க முடிவு.

6. கிணற்றடிக் கணக்கு

சிறுநீரகத்தில் நிகழ்வதாகச் சொல்லப்படும் பிணைப்பு ஐயத்துக்குரியது. அதே பிணைப்பு தெளிகருவியின் தொட்டியில் நிகழ்வதோ ஐயத்துக்கு இடமற்றது. கிணற்றடியில் நின்று முதுகில் சுமக்கும் 16 லீற்றர்த் தெளிகருவியை நிரப்பும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். நீரின் கடினத்தன்மை லீற்றருக்கு 500 மில்லிகிராம் கல்சியம் காபனேற்று எனக் கொண்டால், தொட்டியில் ஏறத்தாழ 80 மில்லிமூல் கல்சியம் இருக்கும். லீற்றருக்கு 360 கிராம் அமிலச்செறிவுள்ள கிளைபோசேட்டில் 100 மில்லிலீற்றர் ஊற்றினால் அதில் சேர்வை 36 கிராம், அதாவது ஏறத்தாழ 213 மில்லிமூல். ஒன்றுக்கொன்று என்ற விகிதத்தில் பிணைந்தால், தொட்டிக்குள்ளேயே மூன்றிலொரு பங்குக்கும் சற்று மேலான கிளைபோசேட் கல்சியத்தின் பிடியில் அகப்படும். அவ்வாறு அகப்பட்ட பகுதி இலைக்குள் எளிதில் நுழையாது. களை சரியாகச் சாகவில்லை என்று கண்டவர் அடுத்தமுறை மூடியை நிறைத்து ஊற்றுவார். வெளிநாடுகளில் கடினநீர்ப் பகுதி விவசாயிகள் தொட்டியில் முதலில் அமோனியம் சல்பேற்றைக் கரைத்து இவ்விழப்பைத் தவிர்க்கின்றனர். அதை அறியாதவரின் கையில், தரையின் சுண்ணாம்பே நஞ்சின் அளவைக் கூட்டச் சொல்கிறது.

கூட்டி ஊற்றியது எங்கே போகிறது? தீவுகளில் நன்னீர் என்பது கடல்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய வில்லை வடிவான படை. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு பங்கு நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 பங்கு நன்னீர் உப்புநீரை அழுத்தி நிற்கும் என்பது நீரியலின் அடிப்படை விதி. மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறும். தீவக மக்கள் ஆழக்கிணறு வெட்டாது, மணற்பாங்கில் பூவல் தோண்டி, ஊறியதை மட்டும் அள்ளிக் குடித்த வழக்கம் இவ்விதியை அனுபவத்தால் அறிந்த அறிவாகும். அப்படைக்கு மேலே இருப்பது மெல்லிய மண்ணும் வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக் கல்லுமே.

கிளைபோசேட் பொதுவாக மண்ணில் இறுகப் பற்றிக்கொள்ளும், நிலத்தடி நீருக்கு இறங்காது என்பது வழமையான ஆறுதல் வாதம். அப்பற்றுதலைச் செய்பவை முதன்மையாக இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகளும் களிக்கனிமங்களும் ஆகும். வலிகாமத்தின் செம்மண்ணில் இரும்பு ஒட்சைட்டு உண்டு. தீவுகளின் மணல்கலந்த சுண்ணாம்பு மண்ணில் அது குறைவு. மேலும், பொசுபேற்று உரமும் கிளைபோசேட்டும் மண்ணில் ஒரே பிடிமானங்களுக்காகப் போட்டியிடுவதால், உரமிட்ட மண்ணில் நஞ்சுக்கு இடம் குறையலாம். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதைப் பல ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. நைத்திரேற்று மண்ணில் பற்றாத பொருள், எனவே அதனைக் கொண்டு கிளைபோசேட்டின் அளவைக் கணிக்க இயலாது. ஆனால் மேலே இடுவது கிணற்றுக்குள் வந்துசேரும் வழி திறந்தே இருக்கிறது என்பதை அது காட்டிவிட்டது.

எவ்வளவு இருந்தால் ஆபத்து என்பதிலும் உலகம் ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவின் குடிநீர் எல்லை லீற்றருக்கு 700 மைக்கிரோகிராம்; ஐரோப்பிய ஒன்றியத்தினது 0.1 மைக்கிரோகிராம். ஏழாயிரம் மடங்கான இவ்வேறுபாடு நச்சியல் முடிவுகளால் வந்ததன்று. முன்னையது உடல்நலக் கணிப்பில் நிற்கிறது. பின்னையது குடிநீரில் பீடைநாசினிக்கு இடமே இருத்தலாகாது என்ற கொள்கையில் நிற்கிறது. மாற்று நீர்நிலை இல்லாத, தோணியில் நீர் கொண்டுவர வேண்டிய நிலையை அறிந்த தீவுகளுக்குப் பின்னைய கொள்கையே பொருந்தும்.

7. களைகளின் மறுமொழி

எதிர்ப்புப் பரம்பரையலகு தீவகத்துக்கு ஒருநாள் வந்தால் அது நெல்லின் வழியே வரும் எனக் கொள்ளலாம். மழையை நம்பிய காலபோகத்தில், புழுதி விதைப்பின்பின் முளைக்கும் களையே முதற் பகை. கைக்களை எடுக்கக் கூலியாள் கிடைப்பது அரிது. மரபணு மாற்றாமலேயே மாறல்களைத் தெரிந்தெடுத்து உருவாக்கிய, இமாசெதபயிர் என்ற களைநாசினியைத் தாங்கும் பாசுமதி வகைகள் இரண்டு 2021இல் இந்தியாவில் வெளியிடப்பட்டுள்ளன. கூலிச் சுமையில் தவிக்கும் விவசாயிக்கு இவ்வழி கவர்ச்சியானது என்பதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் நெல்லின் களைகளுள் நெல்லும் ஒன்று. கதிர் முற்றுமுன் மணி உதிர்க்கும் களைநெல், செய்கை நெல்லோடு ஒரே இனமாதலால் மகரந்தம் மாறும். எதிர்ப்பு ஒருமுறை அதற்குள் போனால் மீட்க முடியாது. இலங்கையில் காட்டுநெல் இனங்கள் ஐந்து உண்டு, அவற்றுள் ஒன்று இந்நாட்டுக்கே உரியது. மொட்டைக்கறுப்பன் போன்ற பழைய நெல்லினங்களை விதைநெல்லாக வைத்துப் பேணும் வழக்கமும் இன்னும் அறவே அற்றுவிடவில்லை.

மகரந்தம் மாறாமலும் களைகள் எதிர்ப்புப் பெற்றுள்ளன. 1997இல் மலேசியாவில் கிளைபோசேட்டுக்கு அடங்காததாகக் கண்டறியப்பட்ட புல், குரக்கனின் மூதாதை இனங்களுள் ஒன்று. அதன் நொதியத்தில் ஒரேயோர் அமினோ அமிலம் மாறியிருந்தது. ஆய்வுகூடம் பல ஆண்டுகள் முயன்று கண்ட வழியைத் தோட்டத்துப் புல் தானாகவே கண்டுகொண்டது. அமெரிக்காவின் ஜோர்ஜியாவில், முளைக்கீரையின் உறவான பால்மர் கீரை வேறு வழியை எடுத்தது: அதன் ஈ.பி.எஸ்.பி.எஸ். பரம்பரையலகு சில செடிகளில் 160 பிரதிகளுக்கும் மேலாகப் பெருகியிருந்ததை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. நஞ்சு அடைக்கும் நொதியத்தைவிட அதிக நொதியத்தைச் செடி உண்டாக்கிவிடுகிறது. குடாநாட்டை வதைக்கும் பார்த்தீனியமும் கொலம்பியாவில் கிளைபோசேட்டுக்கு எதிர்ப்புப் பெற்றுள்ளது. ஒரே நஞ்சை ஒரே வயலில் ஆண்டுதோறும் தெளிக்க வழிசெய்யும் பயிர், இத்தகைய களைகளைத் தெரிந்து வளர்க்கும் பயிராகவும் இருக்கிறது.

8. முடிவு

கிடைக்கும் சான்றுகளின்படி, கிளைபோசேட்டே சிறுநீரக நோயைத் தந்தது என்று சொல்ல இடமில்லை. 2015இன் தடை சான்றை முந்திச் சென்றது. அதனால் 2022இன் தடைநீக்கம் தீவுகளுக்கும் பொருந்தும் என்று ஆகாது. வடமத்திய மாகாணத்தை நோக்கி எடுத்த தீர்மானம் எதுவும் தீவகத்தின் நீர்ப்படையை எண்ணி எடுக்கப்படவில்லை. பயிர் சாகும் என்ற அச்சமே இன்றுவரை தீவுகளில் இந்நஞ்சுக்கு எல்லையிட்டு வந்துள்ளது. அவ்வெல்லையை நீக்கும் விதையை, மரபணு மாற்றியதாயினும் மாற்றாததாயினும், நன்னீர் வில்லையின்மேல் வாழும் ஊர்களுக்குள் அனுமதிக்கலாகாது.

அளக்கவேண்டியதை அளப்பது அரிதன்று. ஐப்பசியில் முதற் பெருமழைக்கு முன்னும் பின்னும் வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களின் குடிநீர்க் கிணறுகளிலும் பூவல்களிலும் நீரெடுத்து, கிளைபோசேட்டையும் அது சிதைந்து உண்டாகும் ஆம்பா என்ற பொருளையும் பரிசோதித்து, பெறுபேற்றை ஊர் அறியத் தமிழில் வெளியிடும் பொறுப்பை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் அடுத்த காலபோகத்துக்குள் ஏற்க வேண்டும்.